காசிக்குப் போய்வர ஒரு செகண்ட்ஸ் கார்: மூன்று வண்டிகள், ஒரு தேர்வு

மதுரையில் ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். மே மாத விடுமுறையில் காரிலேயே காசி யாத்திரை போய்வர வேண்டும். ராமேசுவரத்தில் மணல் எடுத்து, பிரயாக்ராஜில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசியும் கயாவும் பார்த்து, கங்கைத் தண்ணீரோடு திரும்பி ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது என்று வழக்கமான முறைப்படிதான் பயணம். வீட்டில் இருக்கும் சின்ன காரில் ஆறு பேர் உட்கார முடியாது. வண்டிக்கென்று ஒதுக்கிய தொகை ஏழு லட்சம். பயணச் செலவு தனி.

இந்தத் தேவையை மாதிரியாக வைத்து, செகண்ட்ஸ் சந்தையில் அடிக்கடி எதிர்ப்படும் மூன்று வகை வண்டிகளை இந்த ஆய்வு அலசுகிறது. விலையும் ஓடிய கிலோமீட்டரும் மாதிரிக்காகக் கொடுத்தவை. சோதனை முறைகளும் கோளாறுகளின் காரணங்களும் எந்த வண்டிக்கும் பொருந்தும். கார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது 'எந்த மாடல் நல்லது?' என்பதைத்தான். 'இந்த ஒரு வண்டியை இத்தனை வருஷம் எப்படி வைத்திருந்தார்கள்?' என்ற கேள்விக்கு அதைவிட எடை அதிகம். கீழே வரும் மூன்றில் இரண்டு கழிந்துபோனது மாடலால் அல்ல.

பாதை என்ன கேட்கிறது

மதுரையிலிருந்து வடக்கே போகும் வழியில் பெரும்பகுதி பழைய தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 2,369 கி.மீ. ஓடிய சாலை அது. 2010-இல் எண்களை மாற்றியபோது அதன் தென்பகுதி 44-ஆம் எண்ணுக்குள் வந்துவிட்டது. திண்டுக்கல், கரூர், சேலம், ஓசூர், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், சிவனி வழியாக லக்னாதோன் வரை 44. அங்கிருந்து ஜபல்பூர், கட்னி, ரீவா வழியாகப் பிரயாக்ராஜ். காசி, கயா சேர்த்துப் போய்வர ஏறக்குறைய 5,000 கி.மீ. ஆகும்.

சாலை பெரும்பாலும் நான்கு வழி. அதனால் உயரமான வண்டியும் நான்கு சக்கர இழுவையும் தேவையில்லை. வண்டியைச் சோதிக்கப்போவது வெயில். மே மாதத்தில் ஆதிலாபாத், நாக்பூர் பக்கம் 45 டிகிரி சாதாரணம். ஆறு பேரும் சாமானும் ஏற்றி, ஏசியை நிறுத்தாமல், 90 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ், டயர் ஆகிய நான்கும் முழுச் சுமையில் இருக்கும். ஊருக்குள் தினம் பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இவற்றில் எது பலவீனம் என்பது வருஷக்கணக்கில் தெரியாமலே கிடக்கலாம்.

இன்னொரு சோதனை இறக்கம். போகும்போது ரீவா தாண்டியதும் சோஹாகி மலைச்சரிவு. திரும்பும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். இரண்டிலும் முழுப் பாரத்தோடு இறங்க வேண்டும். இவற்றோடு பார்ட்ஸ் பிரச்சினையும் இருக்கிறது. கட்னியிலோ நிர்மலிலோ வண்டி நின்றால், அன்றைக்கே பார்ட்ஸ் கிடைக்கிற மாடலாக இருக்க வேண்டும். எவ்வளவு அருமையான வண்டியாக இருந்தாலும், சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு பார்ட்ஸும் அரிதாகிவிட்ட மாடலை இந்தப் பயணத்துக்கு வாங்கக் கூடாது.

பெட்ரோலா, டீசலா என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்துவிடலாம். ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் எர்டிகா முழுப் பாரத்தில் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் 5,000 கி.மீ.க்கு 357 லிட்டர். அதே அளவு டீசல் வண்டி 19 கொடுத்தால் 263 லிட்டர். மாநிலத்துக்கு மாநிலம் விலை மாறினாலும், பயணம் முழுவதற்கும் டீசலில் மிச்சமாவது சுமார் 12,000 ரூபாய். பழைய டீசல் எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றே ஒன்று போனால் இந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு டீசல் கட்டுப்படியாகும். யாத்திரை முடிந்தபின் மாதம் 700, 800 ஓட்டப்போகும் இந்தக் குடும்பத்துக்குப் பெட்ரோலே போதும். ஆனாலும் டீசல் வண்டிகளைப் பார்க்காமலே ஒதுக்கிவிடவில்லை.

பணத்தைப் பிரிப்பதில் ஒரு விதி. மொத்தத் தொகையில் 10 முதல் 15 சதவீதத்தை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். டயர், பேட்டரி, கூலன்ட், பிரேக், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஏழு லட்சமும் வண்டி விலைக்கே போய்விட்டால், பழைய டயரோடும் பழைய ஹோஸோடும்தான் நாக்பூர் வெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

முதல் வண்டி: 2013 இன்னோவா டீசல், 6,90,000 ரூபாய்

பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் நின்ற வண்டி. மீட்டரில் 1,32,000 கி.மீ. பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. ஆறு பேருக்கும் சாமானுக்கும் இதைவிட வசதியான இடம் இந்த விலையில் கிடைக்காது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஒழுங்காகப் பராமரித்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும்.

சந்தேகத்தைக் கிளப்பியது பிரேக் பெடல். அதன் ரப்பரில் வலது ஓரம் வழவழப்பாகத் தேய்ந்து, வரிகளே இல்லை. கிளட்ச் பெடலுக்கு மட்டும் புது ரப்பர் போட்டிருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குப் புதுக் கவர். அதை விலக்கிப் பார்த்தால் பிடி பளிங்குபோல மின்னியது. ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து நுரை அமுங்கியிருந்தது. 1,32,000 கி.மீ.யில் இத்தனையும் சேர்ந்து தேய்வதில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கூடுதல் துளைகள், கூரையில் கேரியர் பூட்டிய தடம், ஆக்சிலரேட்டர் பக்கத்து வயரிங்கில் எதையோ வெட்டி எடுத்து டேப் சுற்றிய இடம். டாக்சிகளில் பொருத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்த தடமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். டி-போர்டு (வாடகை) வண்டியை ஓன் போர்டாக (சொந்தப் பயன்பாட்டுக்கு) மாற்றியிருக்கிறார்கள்.

டி-போர்டாக ஓடியது குற்றமில்லை. தினமும் நெடுஞ்சாலையில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டாக்சி, வீட்டில் தூங்கிய வண்டியைவிட நல்ல நிலையில் இருப்பதுண்டு. மீட்டரைக் குறைத்ததுதான் பிரச்சினை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்தால் பழைய சர்வீஸ் பதிவு தெரியவரும். உரிமையாளர் ஒப்புதலோடு கேட்க வேண்டும். இந்த வண்டிக்கு 2019-லேயே 2,41,000 கி.மீ. என்று பதிவாகியிருந்தது.

மீட்டர் பொய்யாக இருந்தால் மாற்ற வேண்டிய பாகங்களின் கணக்கும் பொய்யாகிவிடும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. குறித்த கிலோமீட்டரில் அதை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டையே கழற்றும் வேலை வரும். பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தளர்வாக வைத்துப் பார்த்ததில், மூடி குதித்து ஒரு பக்கமாக நகர்ந்தது. புகையும் விட்டுவிட்டு வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது என்பதற்கான அறிகுறி. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று ஒரே அளவுள்ள குப்பிகளில் பிடித்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஒன்றில் மட்டும் அதிகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. இந்த வண்டிக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வண்டி: 2015 எர்டிகா டீசல், 4,60,000 ரூபாய்

சென்னைப் பதிவு, இரண்டாவது ஓனர், 84,000 கி.மீ. சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவு. எஞ்சின் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. கிளட்ச், கியர், பிக்கப் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. மெக்கானிக்கை அழைத்துப்போய் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்கிறவர்கள் இந்த வண்டியில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி போன்ற இடங்களில் நிறுத்தியிருந்த கார்கள் தண்ணீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதுவே நடந்தது. அந்தக் காலகட்டத்தில் அந்த ஊரில் ஓடிய எந்த வண்டியையும் வெள்ளச் சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு டார்ச் லைட் இருந்தால் போதும்.

முதலில் சீட் பெல்ட். முன் சீட் பெல்ட்டை நிதானமாகக் கடைசிவரை இழுக்க வேண்டும். எல்லாரும் பயன்படுத்தும் முதல் மூன்றடி சுத்தமாகத்தான் இருக்கும், கழுவியிருப்பார்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒன்றரை அடியில்தான் கதை இருக்கிறது. இந்த வண்டியில் அந்தப் பகுதி வெளியே வந்தபோது, பெல்ட்டின் குறுக்கே தேநீர்க் கறைபோல ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே நெசவின் இடுக்குகளில் மாவுபோல மெல்லிய வண்டல். விரலால் தேய்த்தால் ஒட்டியது. அடுத்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். கூரைக்குக் கீழே, ஏசி காற்றில் இருக்கும் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. இங்கே நான்கிலும் துரு. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கினால் அடியிலுள்ள நுரையில் காய்ந்த சேற்று வாசனை. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் இரண்டு முனைகள் பச்சை பூத்திருந்தன. உள்ளே தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தது எதற்கு என்பதும் அப்போது புரிந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைத்துவிடலாம். வயரிங்கை அப்படிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்துபோய் கனெக்டர்களில் தங்கும். அதிலுள்ள உப்பு செம்பை மெல்ல அரிக்கும். மின்தடை கூடக் கூட, சென்சார் கொடுக்கும் கணக்கு தப்பும். இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும் வண்டி நாளைக்கு ஆகாது; மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலான கார்களில் நடுவில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தாலே அது நனைந்துவிடும். ஆறு உயிர் ஏறும் வண்டியில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒரு லட்சம் குறைவு என்ன, இரண்டு லட்சம் குறைத்தாலும் வேண்டாம்.

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். ஆயில் விளக்கோடு சேர்ந்தே அணைந்தால் இரண்டையும் ஒரே வயரில் கோத்திருக்கக்கூடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்குக்கும் இதே சோதனைதான்.

மூன்றாவது வண்டி: 2017 எர்டிகா பெட்ரோல், 6,45,000 ரூபாய்

சிங்கிள் ஓனர், 71,400 கி.மீ. ஐம்பதாயிரம் வரை சர்வீஸ் சென்டர் பதிவு. அதற்குப் பின் பக்கத்துப் பட்டறையில் ஆயில் மாற்றிய பில்கள், தேதியும் கிலோமீட்டரும் எழுதி, கையுறைப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். இந்தக் காகிதக் கட்டுக்கு வண்டியின் பளபளப்பைவிட மதிப்பு அதிகம். 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் கவலையும் இல்லை. ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றாவிட்டால் செயின் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கரகரக்கும்.

அதனால்தான் வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வது. போனதும் பானட்டில் கைவைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கவும் முடியும்.

இந்த வண்டியில் கிடைத்தவை இவை. காலை ஸ்டார்ட்டில் செயின் சத்தமில்லை. நீலப் புகை இல்லை. ஆயில் எரிந்தால் நீலம் வரும். சில்லென்ற காலையில் கொஞ்ச நேரம் ஆவி வருவது இயல்பு, ஆனால் எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது; இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆயில் மூடியின் உட்பக்கத்தில் மோர் போன்ற படிவும் இல்லை. நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தது. நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபோது எஞ்சின் சுழலும் வேகமான ஆர்.பி.எம். மட்டும் எகிறாமல் வேகமும் சேர்ந்தே ஏறியது, கிளட்ச் வழுக்கவில்லை. வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை. ஸ்கேனரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் ரெடினஸ் மானிட்டர்கள் எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டினால், விற்பவர் அன்று காலைதான் பிழைகளை அழித்திருக்கிறார் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார். இதில் எல்லாம் முடிந்திருந்தன.

பெயிண்ட் கனமானியில் மற்ற இடங்களெல்லாம் 100 முதல் 130 மைக்ரான். இடது பின்கதவு மட்டும் 240. கதவில் டிங்கரிங் நடந்திருக்கிறது. ஆனால் கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலும், முன்பக்க ஏப்ரானிலும், சேசிஸ் காலிலும் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீராக இருந்தன. ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. தூணும் சேசிஸும் தப்பியிருந்தால் கதவில் பட்ட உரசலைப் பொருட்படுத்த வேண்டாம். நசுங்கிய இடத்தை நிரப்பப் பூசும் பட்டி 500 மைக்ரானைத் தாண்டி, தூணிலும் இருந்தால் அந்த வண்டியைத் தொடவே கூடாது.

குறைகளும் இருந்தன. கூலன்ட் நிறம் வெளுத்து லேசாகத் துரு கலந்திருந்தது. யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வேகத்தடையில் முன்பக்கம் டக் டக் என்ற லிங்க் ராட் சத்தம். பேட்டரி நாலு வருஷம் பழையது: ஓய்வில் 12.3 வோல்ட். நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.2 காட்டியதால் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. டயர்களில் ஐந்து மில்லிமீட்டர் பூ (தரையைப் பிடிக்கும் வரிகளின் ஆழம்) இருந்தது. பார்வைக்குப் புதிதுபோலத்தான் தெரியும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்கள் 2319. அதாவது 2019-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரம் செய்தது. சட்டம் கேட்பது 1.6 மி.மீ. பூ மட்டுமே, ஆனால் ரப்பருக்கு வயது இருக்கிறது. ஆறு வருஷம் தாண்டிய டயரின் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் விழும். பாரமும் வெயிலும் வேகமும் சேரும்போது எஃகு வலையிலிருந்து பூப் பகுதி பிரிந்து தனியே வந்துவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது என்று சொல்லப்படும் விபத்துகள் பலவற்றில் இந்தப் பழைய ரப்பரும் காற்றுக் குறைவும்தான் சேர்ந்திருக்கும்.

இந்தக் குறைகளைத் தொகையோடு ஒரு தாளில் எழுதி விற்பவர் முன்னால் வைத்தபோது 6,45,000 ரூபாய் 6,10,000 ஆனது. 'விலை அதிகம்' என்று பொதுவாகப் பேரம் பேசினால் ஐயாயிரம் குறையலாம். டயரின் வாரமும் வருஷமும் தெரிந்து பேசினால் விற்பவருக்கும் மறுக்க வழியில்லை.

இடவசதியில் ஒரு எச்சரிக்கை. எர்டிகாவில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் மிஞ்சுவது 135 லிட்டர் இடம்தான். இரண்டு சின்னப் பைகள் போகும். ஆறு பேருக்கு மூன்றாம் வரிசையில் ஒரு பக்கத்தை மடித்து, மறுபக்கம் ஒரு பிள்ளையை உட்காரவைத்தால் சாமான் உள்ளேயே அடங்கும். கூரையில் கேரியர் போட்டுப் பாரம் ஏற்றினால் மைலேஜும் குறையும், திருப்பத்தில் வண்டி சாயும் அளவும் கூடும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு நடு வரிசைதான். அவர்களை விற்பவர் வீட்டுக்கே அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். பின்வரிசைக்கான கூரை ஏசி தனி ஊதி. அதையும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பயணத்துக்குத் தயார் செய்தல்

மார்ச் மாதம் வாங்கி மே மாதம் புறப்படும் வகையில் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். இந்த வண்டிக்குச் செய்த வேலைகளும் செலவும்: ஸ்டெப்னி உட்பட 185/65 ஆர்15 அளவில் ஐந்து டயர், 26,500 ரூபாய். ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், 5,500. ரேடியேட்டரைக் கழுவிப் புதுக் கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, மேலும் கீழும் இரண்டு ஹோஸ், 6,500. ஃபேன் பெல்ட் 1,200. முன் பிரேக் பேட், பின் பிரேக் கழுவுதல், பிரேக் ஆயில், 4,500. லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், அலைன்மென்ட், 6,000. பேட்டரி 5,000. எரிபொருள் ரப்பர் ஹோஸ், 1,500. மொத்தம் 56,700.

கடைசியாகச் சொன்ன ஹோஸுக்குக் காரணம் உண்டு. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன்பு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை 10 சதவீதக் கலப்புக்காகச் செய்யப்பட்டவை. பழைய ரப்பர் ஹோஸை விரலால் மடக்கும்போது வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவது நல்லது. சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

பிரேக் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகையில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் அது 140 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் மேலேயே காலை வைத்திருந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; மூடியில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் வெளியே வந்தவை

பட்டறையிலிருந்து எடுத்த வண்டியை நேராகக் காசிக்குத் திருப்பக் கூடாது. குறைந்தது ஆயிரம் கிலோமீட்டர் உள்ளூரிலேயே ஓட்ட வேண்டும். புதிதாக மாட்டிய பாகம் பழைய பாகத்தின் பலவீனத்தை வெளியே கொண்டுவரும். இந்த வண்டியில் அதுதான் நடந்தது.

முதல் ஓட்டம் ராமேசுவரம், போய்வர சுமார் 340 கி.மீ. மணல் எடுக்கும் வேலையும் முடிந்தது. டேங்கை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து அதே பங்கில் நிரப்பியதில் மைலேஜ் தெரிந்தது. இரண்டாவது ஓட்டம், ஆறு பேரும் சாமானுமாகக் கொடைக்கானல். வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறும் மலைப்பாதையில் ஏசியைப் போட்டு ஏற்றியதில் வெப்பமானி நடுவிலேயே நின்றது. ஆனால் மறுநாள் காலை கூலன்ட் டப்பாவில் 300 மில்லி குறைந்திருந்தது. வாட்டர் பம்பின் அடியில் காய்ந்த கூலன்ட் படிவு.

பழைய ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் பம்பின் தேய்ந்த சீல் மீது பெரிதாக அழுத்தம் விழவில்லை. புது மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்தது. அந்த அழுத்தத்தில் தண்ணீர்கூடச் சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். எஞ்சின் கொதிக்காமல் காப்பாற்றுவது அதுதான். அதே அழுத்தம் பலவீனமான சீலைத் தள்ளிக் கசியவைத்தது. பழைய மூடியோடு போயிருந்தால் ஆதிலாபாத் வெயிலில் கூலன்ட் கொதித்து வெளியேறியிருக்கும்; புது மூடியை மாட்டிவிட்டு ஓட்டிப் பார்க்காமல் போயிருந்தால் பம்ப் கசிந்து நின்றிருக்கும். பம்பை மாற்ற 4,000 ரூபாய் ஆனது.

கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கியது. பேட் மாற்றியபோது டிஸ்க்கை அளக்காமல் விட்டதன் விளைவு. டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அளந்ததில் அதை நெருங்கிவிட்டது. கடைசலுக்குக் கொடுக்க இடமில்லை. ஜோடி டிஸ்க், 5,000 ரூபாய்.

காகித வேலைகள்

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, வாங்குபவர் சேர்ந்து கொடுக்கும் படிவம் 30, கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35. ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு கேன்சல் ஆகாமல் பணம் முழுவதும் கொடுக்கக் கூடாது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்று தெரியும். நிலுவையிலுள்ள இ-சலான்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி. பெயர் மாறினால் இன்சூரன்ஸும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்பு மட்டும்தான் வண்டியோடு வரும். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பை 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து நம் பெயருக்கு மாற்ற வேண்டும். கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காக விற்பவருக்குக் கிடைத்த கட்டணச் சலுகையான நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது. அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். மாற்றாமல் ரீவாவில் வண்டி மோதினால் டிங்கரிங் செலவு முழுவதும் கைக்காசு. பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லி, நம் பெயரில் புதிது எடுக்க வேண்டும். இத்தனை டோல் கேட் உள்ள பாதைக்கு 2025 ஆகஸ்ட்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர பாஸ் கட்டுப்படியாகும். 200 முறை தேசிய நெடுஞ்சாலை டோல்களைக் கடக்கலாம். இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 20,000 ஆனதில், மொத்தக் கணக்கு 6,95,700-இல் நின்றது.

வழியில்

நாளுக்கு 400, 450 கி.மீ. என்றால் ஓசூர், கர்னூல், நிர்மல், சிவனி என்று தங்கி ஐந்தாம் நாள் பிரயாக்ராஜ் சேரலாம். அந்தக் கடைசி நாள் மட்டும் 500ஐத் தாண்டும். விடியும்போதே புறப்பட வேண்டும். இரவில் ஓட்ட வேண்டாம். 45 லிட்டர் டேங்கில் 450 கி.மீ. ஆனதும் நிரப்பிவிடுவது பழக்கமாக இருக்கட்டும்.

தினமும் காலையில் புறப்படுவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் குச்சி, கூலன்ட் டப்பா, ஐந்து டயரின் காற்று, வண்டிக்கு அடியில் சொட்டு. பத்து நிமிஷ வேலை. காற்றின் அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்கான அளவு வேறு. ஓடிச் சூடான டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் டயர் தொய்ந்து இன்னும் சூடாகும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. அதே கிரேடு எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர், கலந்த கூலன்ட் இரண்டு லிட்டர், ஃபியூஸ்கள், கழற்றிய பழைய ஃபேன் பெல்ட், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன பம்ப், ஜம்பர் கேபிள், எச்சரிக்கை முக்கோணம். ஊரிலேயே ஒருமுறை ஜாக்கி போட்டு நான்கு சக்கர நட்டுகளையும் வீல் ஸ்பானரால் கழற்றிப் பார்க்க வேண்டும். டயர் கடையில் காற்று கன்னால் முறுக்கிய நட்டுகள் கையால் அசையாமல் இருப்பது சகஜம்.

வெப்பமானி நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஓரமாக நிறுத்த வேண்டும். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் எஞ்சினை அணைக்க வேண்டியதுதான். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கவும் கூடும்.

இறக்கத்தில் எந்த கியரில் அந்தச் சரிவில் ஏற முடியுமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். கடைசி நாள், தருமபுரி தாண்டித் தொப்பூர் வரும்போது ஊர் நெருங்கிவிட்ட நினைப்பில் கால் தானாக ஆக்சிலரேட்டரில் அழுந்தும். கணவாய்க்கு முன்னால் நிறுத்தி, ஒரு டீ குடித்து, மூன்றாம் கியருக்கு மாற்றிய பின் இறங்கத் தொடங்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், விட்டுவிட்டு அழுத்தி, முன்னால் போகும் லாரிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். கங்கைச் செம்பு நடு வரிசையில் தாத்தாவின் மடியில் இருக்கட்டும். ஓட்டுநர் காலடியில் உருண்டு பெடலுக்கு அடியில் போகும் எதையும் முன்பக்கம் வைக்கக் கூடாது.